ஸ்கூல் வேனில் காடு பார்க்கப் போகிறோம்

வீட்டையே சக்கரத்தில் ஏற்றிக்கொண்டு தேசியப் பூங்காக்களைச் சுற்றும் வெள்ளைக்காரத் தம்பதிகளின் வீடியோக்களை என் வீட்டுக்காரர் ராத்திரி ராத்திரியாகப் பார்ப்பார். உள்ளே கட்டில், ஃபிரிட்ஜ், குளிக்க இடம் எல்லாம் இருக்கும். பூங்காவுக்குள்ளேயே அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் நிறுத்தி, கரண்ட் வயரைச் சொருகிவிட்டுத் தூங்கலாம். "டீச்சர், நாமளும் இப்படி ஒரு சுத்து சுத்துவமா?" என்று அவர் கேட்டபோது சும்மா கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். அப்படி ஒரு வண்டி வாங்க எங்களுக்கு இன்னும் ரெண்டு பென்ஷன் வேண்டும். வாங்கினாலும் இலங்கை மலையகத்தில் எங்கள் ஹட்டன் டவுனுக்குள் அதைத் திருப்ப முடியாது.

எங்களிடம் இருப்பது ஒரு பழைய டொல்பின் வேன். பள்ளிக்கூட நாட்களில் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதுதான் அதன் பிழைப்பு. பின்கண்ணாடியில் 'பாடசாலைச் சேவை' என்று ஒட்டியிருக்கும். லீவு விட்டதும் பின்சீட்டுகளின் போல்ட்டைக் கழற்றி சீட்டுகளைத் திண்ணையில் அடுக்கிவிடுவார். அதே போல்ட் ஓட்டைகளில் முடுக்குகிற மாதிரி தச்சுபாஸ் ஒரு பலகைக் கட்டில் செய்து கொடுத்திருக்கிறார். அதன் கீழே அரிசி, பருப்பு, தண்ணீர்க் கேன்கள், சின்ன கேஸ் சிலிண்டர், ஒரு அடுப்பு. மேலே ரப்பர் மெத்தை. ஜன்னல் திரைகள் என் பழைய ஸ்கூல் சேலைகள். எங்கள் கேரவன் இவ்வளவுதான். பள்ளிக்கூடத் தவணை தொடங்குவதற்கு முதல் நாள் சீட்டுகள் திரும்ப ஏறிவிடும். ஏறாவிட்டால் சோறு இல்லை.

குளிர்நாட்டில் வேனுக்குள் தூங்குவதில் யாரும் சொல்லித் தராத விஷயம் ஒன்று உண்டு. நுவரெலியாப் பக்கம் ராத்திரி கண்ணாடியை இறுக்கி மூடிக்கொண்டு படுத்தால், விடியும்போது நம் மூச்சுக்காற்றே தண்ணீராகி உள்பக்கம் வழியும், கம்பளி நனைந்திருக்கும். எவ்வளவு குளிர் என்றாலும் இரண்டு பக்கக் கண்ணாடியையும் ஒரு விரல் அகலத்துக்குத் திறந்து வைக்க வேண்டும். குளிருக்காக உள்ளே கரியடுப்போ கேஸோ மூட்டவே கூடாது. அந்தப் புகை மணக்காது, ஆளை எழும்ப விடாது. காலையில் டீசல் எஞ்சினும் லேசில் எழும்பாது. ஹீட்டரை இரண்டு தரம் போட்டு, நான் ஒரு தரம் முருகா சொன்ன பிறகுதான் இருமிக்கொண்டு கிளம்பும்.

நம் நாட்டில் பூங்காவுக்குள் வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்க முடியாது. ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவில் ராத் தங்க வேண்டும் என்றால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் பங்களாவையோ கூடாரம் போடும் இடத்தையோ முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். மற்றவர்கள் பகலில் போய்விட்டுப் பகலிலேயே வெளியே வந்துவிட வேண்டும். அது சரியான சட்டம்தான் என்பது என் கட்சி. ராத்திரியாவது மிருகங்களுக்கு அந்த இடம் சொந்தமாக இருக்கட்டும். ஆகவே எங்கள் பயணம் பகலில் காட்டுக்குள்ளும் இரவில் காட்டின் ஓரத்திலுமாக நடக்கிறது. மலையகத்தில் காட்டின் ஓரம் என்றால் தேயிலைத் தோட்டம்தான்.

தோட்டத்துக் கோயில் முற்றத்தைப் போல வேன் நிறுத்த நல்ல இடம் வேறு கிடையாது. சமதரை, குழாய்த் தண்ணீர், ஒரு லைட். தோட்டத்துத் தலைவரிடம் ஒரு வார்த்தை, பூசாரியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிரச்சினை அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கும். வயதான இரண்டு பேர் மெத்தை, பாத்திரத்தோடு வேனில் வந்து இறங்கினால் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், என்ன நினைப்பார்கள்? இதல்கஸ்ஹின்னப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஓர் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "வீட்டுல மருமகளோட ஏதும் பிரச்சினையாம்மா?" என்று கேட்டார். இல்லை, காடு பார்க்க வந்தோம் என்றேன். அவர் நம்பவில்லை. காடு பார்க்க யாராவது வேனில் படுப்பார்களா? கொஞ்ச நேரத்தில் அவர் மகன் ஒரு தட்டில் ரொட்டியும் கட்டசம்பலும் கொண்டுவந்து வைத்தான். பிறகு பக்கத்துக் காம்பராவிலிருந்து பருப்பு வந்தது, அதற்குப் பின்னால் இஞ்சித் தேத்தண்ணி. எங்கள் பெயர், ஊர், தோட்டம், டிவிஷன் என்று விசாரித்து, கடைசியில் என் சின்னம்மா வீட்டுக்காரர் வழியில் சொந்தம் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த அடுப்பை நாங்கள் பற்ற வைத்த ராத்திரிகள் மிகக் குறைவு.

இப்படி ஊர்ஊராகப் போகும்போது ஒன்றைக் கவனித்தேன். காட்டை ஒட்டி மூன்று நாலு தலைமுறையாக இருப்பவர்களில் அதற்குள் போய்ப் பார்த்தவர்கள் வெகு சிலர். நான் படிப்பித்த தோட்டப் பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். ஹோட்டன் சமவெளியின் விளிம்பில் இருக்கும் செங்குத்துப் பாறையான உலக முடிவைப் பாடப்புத்தகத்தில் படிப்பார்கள், படம் வரைவார்கள். போனவர்கள் கை தூக்கச் சொன்னால் வகுப்பு அமைதியாக இருக்கும். கொழும்பிலிருந்து வருகிற பஸ்கள் எங்கள் சந்தியைத் தாண்டித்தான் அங்கே போகும்.

எங்கள் அம்மாயிக்குக் காடு என்றால் விறகு. தலைச்சுமையாக விறகு கட்டி இறக்கிவரும்போது காட்டுக் காவலுக்கு நிற்கும் கார்டு கண்ணில் படாமல் வர வேண்டும். பட்டால் விறகும் போகும், கத்தியும் போகும். அதற்கும் முந்திய தலைமுறைகளுக்குக் காடு என்றால் சாவு. தமிழ்நாட்டிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வழியாக மலைக்கு நடந்தே வந்தவர்கள் காய்ச்சலிலும் பேதியிலும் வழியிலேயே விழுந்தார்கள். வந்து சேர்ந்தவர்கள் செய்த முதல் வேலை மரம் வெட்டியது. முதலில் கோப்பிக்காக. 1869இல் கோப்பி இலையில் பூஞ்சண நோய் வந்து, அடுத்த இருபது வருஷத்தில் அந்தப் பயிரையே தின்று தீர்த்த பிறகு தேயிலைக்காக. 1873இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலே இருக்கும் காட்டை வெட்டாமல் விட வேண்டும் என்று ஆங்கிலேய அரசுக்கு எழுதினார். அதற்குள் அந்த உயரத்திலும் நிறைய இடம் வெட்டுப்பட்டுவிட்டது. நுவரெலியாவைச் சுற்றி 6,000 அடியிலும் தேயிலை நிற்கிறதே. ஆனாலும் ஹோட்டன் சமவெளி தப்பியதற்கு அந்த யோசனை ஒரு பெரிய காரணம். 1969இல் இயற்கை ஒதுக்கிடமாகி, 1988இல் தேசியப் பூங்காவானது. 2010இல் சிவனொளிபாதமலைக் காடு, நக்கிள்ஸ் மலைத்தொடர் ஆகியவற்றோடு சேர்ந்து உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது.

சரி, சமவெளிக்கு வருவோம்.

நுவரெலியாவில் அறை எடுத்து, விடியற்காலை மூன்றரைக்கு எழும்பி, ஹயருக்கு வண்டி பிடித்துப் போகிறவர்களைப் பார்த்தால் வேனின் அருமை தெரியும். நாங்கள் முந்திய மாலையே அம்பேவெல தாண்டி பட்டிப்பொலவுக்குப் போய்விடுவோம். அங்குள்ள ரயில் நிலையம் 1,891 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாட்டிலேயே மிக உயரமான நிலையம் அதுதான். அதைத் தாண்டிக் குகைக்குள் நுழையும் ரயில் அந்தப் பக்கம் வெளியே வரும்போது ஊவா மாகாணம் வந்துவிடும். இந்தப் பக்கம் மழை கொட்ட, அந்தப் பக்கம் வெயில் அடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இரண்டு பருவமழைக்கும் நடுவில் சுவராக நிற்பது எது என்று பூகோளப் பாடம் எடுக்கத் தேவையில்லை. பட்டிப்பொலவில் ஒரு தேத்தண்ணிக் கடை முன்னால் கேட்டுவிட்டு நிறுத்தித் தூங்கினால் காலை ஆறு மணிக்கு கேட்டில் முதல் வரிசையில் நிற்கலாம். முந்திப் போவதற்குக் காரணம் பனிமூட்டம். காலை ஒன்பது, பத்து மணிக்கு மேல் உலக முடிவை மூடிவிட்டால், அத்தனை தூரம் நடந்து வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

ஃபார் இன் என்ற பழைய விடுதிக்குப் பக்கத்தில் வேனை நிறுத்திவிட்டு நடையைத் தொடங்குமுன் பையைச் சோதிப்பார்கள். பொலித்தீன் எதுவும் உள்ளே போகக் கூடாது. பிஸ்கட் பைக்கற்றைக் கிழித்துக் கடதாசியில் போட்டுத் தருவார்கள், தண்ணீர்ப் போத்தலின் லேபலைக்கூட உரித்துவிடுவார்கள். எங்களுக்கு முன்னால் நின்ற கொழும்புக் குடும்பத்தின் பையிலிருந்து சிப்ஸ் பைக்கற்றுகள் வந்துகொண்டே இருந்தன. பிள்ளைகள் அழுகிற நிலை. என் பையைத் திறந்த இளைஞர் வாழையிலையில் கட்டிய ரொட்டியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "ஹரி அக்கே, யன்ன" (சரி அக்கா, போங்க) என்று சிங்களத்தில் சொல்லி விட்டார். இந்தச் சோதனை தொல்லை என்று முணுமுணுப்பவர்கள் வாகனத் தரிப்பிடத்தில் மரைகள் என்ற பெரிய மான்கள் நிற்பதைப் பார்க்க வேண்டும். மனிதர் தீனி போட்டுப் பழக்கிய மரைகள். வேன் கதவு திறந்தால் ஈர மூக்கை உள்ளே நீட்டும். உப்பு வாசம் உள்ள எதையும், பொலித்தீனையும் சேர்த்தே, தின்றுவிடும். அழகாக இருக்கிறது என்று கையில் கேக் துண்டோடு போட்டோ எடுக்கிறவர்களை என் வீட்டுக்காரர் ஸ்கூல் வேன் குரலில் அதட்டுவார். அந்தக் குரலுக்குப் பெரியவர்களும் அடங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

நடை ஒரு சுற்று, ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டர். சின்ன உலக முடிவு, பெரிய உலக முடிவு, பேக்கர்ஸ் அருவி, திரும்பவும் ஃபார் இன். எல்லோரும் ஓடுவது பெரிய உலக முடிவுக்கு. 870 மீட்டருக்கு மேல் செங்குத்தாக இறங்கும் பாறை, உண்மையிலேயே வயிற்றைப் பிசையும். ஆனால் என்னைக் கேட்டால் இந்தச் சுற்றில் பார்க்க வேண்டியது அதற்குப் போகிற வழியில் வரும் காட்டுத் துண்டுகளை. உயரமில்லாத மரங்கள். கீனா மரங்களின் உச்சி குடை பிடித்தமாதிரித் தட்டையாக இருக்கும். கிளை தெரியாமல் பாசி மூடியிருக்கும். மழை இல்லாத நாளில்கூட மரத்தடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். காற்றில் வரும் பனிமூட்டத்தை இலைகளும் பாசியும் வடித்து எடுத்து நிலத்தில் விடுகின்றன. மகாவலி, களனி, வளவை என்று மூன்று பெரிய ஆறுகளுக்கும் இங்கிருந்து தண்ணீர் போவதற்கு இதுவும் ஒரு காரணம். கொஞ்ச காலமாகச் சில இடங்களில் மரங்கள் நின்ற நிலையிலேயே காய்ந்து, வெள்ளை எலும்பாகத் தெரிகின்றன. அதைப் பார்க்கும்போது மட்டும் நாங்கள் இருவரும் பேச மாட்டோம்.

அங்கேதான் அந்த ஓணானைப் பார்த்தோம். பாதையோரப் பாசிக் கிளையில், என் முகத்துக்கு நேரே, ஒரு முழம் தள்ளி. மூக்கின் நுனியில் வெள்ளையாக ஒரு கொம்பு, நேராக, கூராக. உடம்பு பாசியின் நிறம். ஒரு கண் மட்டும் சுழன்று என்னைப் பார்த்தது, மற்றபடி அசைவில்லை. தொண்டைச் சதை மெதுவாக ஏறி இறங்கியது. இந்தக் கொம்பு ஓணான் இலங்கையின் உயர்ந்த மலைக்காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. பின்னால் வந்த பையன்கள் ஸ்பீக்கரில் பாட்டு போட்டுக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார்கள். ஓணான் அவர்கள் பக்கம் கண்ணைத் திருப்பியது, அவர்கள் ஓணான் பக்கம் திரும்பவில்லை.

கால் வலிக்காரர்களுக்கு ஒரு தகவல்: நுவரெலியா டவுனுக்குப் பக்கத்திலேயே கல்வேஸ் லேண்ட் என்று ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. முப்பது ஹெக்டேயருக்கும் குறைவு. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து குருவிகள் வந்து இறங்கும். கூட்டமே இருக்காது. காலையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு டவுனில் பாண் வாங்கிக்கொண்டு வேனுக்குத் திரும்பலாம்.

சமவெளியிலிருந்து நாங்கள் ஒஹிய பக்கமாக இறங்குவோம். ஒடுங்கிய பாதை, வளைவுக்கு மேல் வளைவு, எதிரே லொறி வந்தால் யாராவது ஒருவர் பின்னுக்குப் போகத்தான் வேண்டும். ஸ்கூல் வேன் ஓட்டியவருக்கு இதெல்லாம் தண்ணிபட்ட பாடு என்றாலும் அவர் பிரேக்கை நம்ப மாட்டார், கியரை நம்புவார். நானுஓயாவில் ராதல்ல குறுக்குப் பாதையில் 2023 ஜனவரியில் பாடசாலை மாணவர்கள் வந்த பஸ் மோதி உயிர்கள் போன பிறகு, அந்த வழியை அவர் கணக்கிலேயே எடுப்பதில்லை. சுற்றிப் போனால் அரை மணி நேரம் கூடும், கூடட்டும்.

ஹப்புத்தளையிலிருந்து பெரகலை வழியாக வெல்லவாயவுக்கு இறங்கினால் கொஸ்லந்தை வரும். மீரியபெத்தையை இந்த ஊர் ஆட்கள் கையால்தான் காட்டுவார்கள், பேச மாட்டார்கள். 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலை மலை இறங்கி லயங்களை மூடியது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம். திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சேறு. அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு விதி. மழை நாளில், வெட்டிய மண்திட்டின் கீழ் வேனை நிறுத்துவதில்லை, எவ்வளவு வசதியான இடமாக இருந்தாலும் சரி. மேலே மரம் சாய்ந்து நிற்கிறதா, நிலத்தில் வெடிப்பு இருக்கிறதா, ஊற்றுத் தண்ணீர் கலங்கி வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எஞ்சினை நிறுத்துவார். வேனில் வருகிறோம், விரும்பிய இடத்துக்கு நகர்த்திக்கொள்ளலாம். லயத்தில் இருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை.

கொஸ்லந்தை தாண்டினால் தியலும நீர்வீழ்ச்சி, 220 மீட்டர், ரோட்டிலிருந்தே தெரியும். பிறகு தாழ்நிலம், வெக்கை, ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டிய இடம். தணமல்வில வழியாக உடவளவை போய்விடலாம். மலைக்காரர்களாகிய எங்களுக்கு யானை என்றால் தேரோட்ட யானைதான். இங்கே மின்சார வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, ரோட்டில் போகிற வண்டிகளைப் பார்த்துத் தும்பிக்கையை நீட்டுகின்றன. பழம் கொடுக்கக் கூடாது என்று பலகை இருக்கிறது, பலகைக்குக் கீழேயே வாழைப்பழமும் விற்கிறார்கள். 1972இல் இந்தப் பூங்காவை ஏற்படுத்தியதே, குளம் கட்டியதால் இடம் இழந்த மிருகங்களுக்காக. உள்ளே எங்கள் வேன் போகாது, ஜீப்தான். வேனை வெளியே விட்டுவிட்டு ஜீப்பில் ஏறினோம். குளத்தோரம் யானைக் கூட்டம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. பேக்கர்ஸ் அருவியாக மேலே விழுகிற பெலிஹுல் ஓயா வளவையில் சேர்ந்து இந்தக் குளத்துக்குத்தான் வருகிறது. இதைச் சொன்னதும் என் வீட்டுக்காரர், "அப்ப நேத்து நான் கால் கழுவுன தண்ணிய இன்னைக்கு யானை குடிக்குதா?" என்றார். ஜீப் டிரைவருக்குத் தமிழ் தெரியும் போல, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

மஸ்கெலியா, நல்லதண்ணிப் பக்கம் எங்களுக்குச் சொந்த வாசல். சிவனொளிபாதமலை சீசனில் கூட்டத்தோடு ஏறுவதைவிட, சீசன் இல்லாத நாளில் மவுசாகலை நீர்த்தேக்க ஓரமாகச் சும்மா ஓட்டிப் போவது எனக்குப் பிடிக்கும். ஆனால் அங்கே போனால் அந்தக் கருஞ்சிறுத்தை ஞாபகம் வரும். 2020 மே மாதம், காட்டுப்பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியில் கழுத்து மாட்டி, காப்பாற்றி உடவளவைக்குக் கொண்டுபோயும் சில நாளில் செத்துப்போனது. கறுப்புச் சிறுத்தை என்பதால் ஊர் உலகமெல்லாம் செய்தி. சாதாரணச் சிறுத்தைகள் சுருக்கில் மாட்டிச் சாவது தேயிலை மலைகளில் புதிதல்ல. கம்பி வைப்பவர்களைத் திட்டிவிட்டுப் போய்விடலாம். எனக்கு அது அவ்வளவு சுலபமாக வரவில்லை. ஒரு ராத்திரியில் பன்றி கிளறிவிட்டுப் போன மரக்கறித் தோட்டத்தின் முன்னால் நிற்கும் ஆளையும் எனக்குத் தெரியும். கொழுந்து எடுக்கும் பெண்கள் புதரிலிருந்து பாய்ந்த சிறுத்தையால் காயப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்ததையும் பார்த்திருக்கிறேன். சிறுத்தைக்கும் பன்றிக்கும் லயத்துக்கும் நடுவில் இருந்த காட்டை யார் எதற்காக வெட்டினார்கள் என்பதை விட்டுவிட்டு, கம்பி வைத்தவனிடமிருந்து கதையைத் தொடங்குவது நியாயமாகப் படவில்லை. கம்பி வைப்பது சரி என்று இதற்கு அர்த்தமில்லை.

வாசிக்கிற பெண்கள் கேட்க நினைப்பது எனக்குத் தெரியும்: கக்கூஸுக்கு என்ன செய்வீர்கள்? இந்த நாட்டில் வேன் பயணத்தின் உண்மையான தலைவலி அதுதான், யானையோ பனியோ அல்ல. பெட்ரோல் செட், தேயிலை விற்பனை நிலையங்கள், கோயில், சொந்தக்காரர் வீடு, இந்த வரிசையில் நம்பலாம். பூங்கா வாசலில் இருப்பதைக் காலையிலேயே பயன்படுத்திவிட வேண்டும், பத்து மணிக்கு மேல் கிட்டப் போக முடியாது. அவசரத்துக்கு வேனில் மூடியுள்ள வாளியும் ஒரு சாக்கு மரத்தூளும் வைத்திருக்கிறோம். அட்டைக்கு வெறும் சவர்க்காரத்தை ஈரமாகக் காலில் பூசினால் போதும், விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். ஏப்ரலில் நுவரெலியா சீசனுக்கு மட்டும் போகாதீர்கள். ஹோட்டன் சமவெளிக்கு ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம், ராத்திரியில் புல்லில் உறைபனி படியும், பகல் பளிச்சென்று இருக்கும். அது தவணைக் காலம் என்பதால் எங்களுக்குப் பொங்கல் லீவை விட்டால் வழியில்லை.

அடுத்து எங்கே என்பதில் வீட்டில் இன்னும் சண்டை. அவருக்கு கல்ஓயா, 1954இல் தொடங்கிய பூங்கா, படகில் போய் யானை நீந்துவதைப் பார்க்கலாமாம். எனக்கு நக்கிள்ஸ், ரிவர்ஸ்டன் பக்கம், மாத்தளை வழியாக. முன்னோர் நடந்த பாதையை ஒருதரம் வேனிலாவது போய்ப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. இரண்டில் எது என்றாலும் முதலில் கிளச் தட்டு மாற்ற வேண்டும். கராஜ் பாஸ் வேனை எடுத்து மூன்று வாரமாகிறது. கேட்கும்போதெல்லாம் நாளைக்கு என்கிறார். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அம்மாமார் அவருக்கு என்னைவிட அதிகமாகப் போன் பண்ணுகிறார்கள்.